கவுன் வாங்கும் முன் விதிமுறைத் தாளை வாங்குங்கள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் மகள் ஒருநாள் வந்து, அழகிப் போட்டியில் சேரப்போகிறேன், ஸ்காலர்ஷிப் கிடைக்கும், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் நிதி திரட்டலாம் என்கிறாளா? சரி என்று சொல்லுங்கள், ஆனால் கவுன் பார்க்கக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் போட்டியின் விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்காலர்ஷிப் என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. கல்லூரிக்கு நேராகப் போகும் செக் ஒரு வகை, கையில் தரும் ரொக்கம் இன்னொரு வகை, 'இந்தக் கல்லூரியில் சேர்ந்தால் மட்டும் கட்டணச் சலுகை' என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் கணக்கு ஊதிப்போகும். ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் உதவித்தொகைக்கு வழி செய்வதாக மிஸ் அமெரிக்கா அமைப்பு சொல்லிக்கொண்டிருந்ததை 2014-இல் நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் தன் டிவி நிகழ்ச்சியில் பிரித்து மேய்ந்தார்: ஒரு கல்லூரி தரும் சலுகையை அத்தனை போட்டியாளர்களாலும் பெருக்கிக் கணக்குக் காட்டும் வித்தையெல்லாம் அதில் வெளிவந்தது. ஒரு பெண் ஒரு கல்லூரியில்தானே படிக்க முடியும்! ஆகவே 'போன வருடம் நிஜமாகக் கொடுத்தது எவ்வளவு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதிக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும்' என்று ஈமெயிலிலேயே கேளுங்கள்.

செலவையும் எழுதிப் பாருங்கள். நுழைவுக் கட்டணம், போட்டோ, போட்டி மலர்ப் புத்தகத்தில் விளம்பரப் பக்கம், பயிற்சியாளர், ஹோட்டல். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 500 டாலர் பரிசுக்கு அதைப்போல் மூன்று மடங்கு செலவு. என்னைக் கேட்டால், அலபாமாவின் மொபீல் நகரில் 1958-இல் ஜூனியர் மிஸ் என்று தொடங்கி, இப்போது டிஸ்டிங்க்விஷ்ட் யங் விமன் என்ற பெயரில் நடக்கும் போட்டியை முதலில் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, படிப்புக்கும் நேர்காணலுக்கும் மதிப்பெண் உண்டு.

அப்புறம் நன்கொடை. மிஸ் அமெரிக்கா 2007 முதல் பல ஆண்டுகள் சில்ட்ரன்ஸ் மிராக்கிள் நெட்வொர்க் என்ற தொண்டு அமைப்பின் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்காகப் போட்டியாளர்களை நிதி திரட்ட வைத்தது. எந்தப் போட்டியானாலும், திரட்டும் தொகையில் எத்தனை டாலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, எவ்வளவு போட்டி அமைப்பிடமே தங்குகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை. அமெரிக்க வருமான வரித் துறையின் தளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டினால் வரிவிலக்கு உண்டா என்று தெரிந்துவிடும், அமைப்பின் வரவுசெலவைக் காட்டும் ஆண்டுப் படிவம் 990-உம் கிடைக்கலாம். ரொக்கமாக வசூலிக்காதீர்கள், ஆன்லைனில் நன்கொடை தரும் இணைப்பை அனுப்புங்கள். ஐடி நண்பர்களிடம் கம்பெனி மேட்சிங் (ஊழியர் கொடுக்கும் அளவுக்குக் கம்பெனியும் கொடுப்பது) இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள், 50 டாலர் 100 ஆகும்.

நேர்காணலில் 'ஏன் இந்தத் தொண்டு?' என்று கேட்பார்கள். 'குழந்தைகள் என்றால் பிடிக்கும்' என்பதை நடுவர்கள் காலையிலிருந்து கேட்டுக் களைத்திருப்பார்கள். 'வீட்டில் மிச்சமிருந்த க்ரேயான்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், தொற்றுப் பயத்தால் பிரிக்காத பெட்டிதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், மறுவாரம் புதிதாக நாற்பது பெட்டி சேர்த்தேன்' என்று சொல்லும் பெண்ணைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்கு அவள் நிஜமாகவே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பரிசு கிடைத்துவிட்டால் இரண்டு வேலை. கல்விக் கட்டணத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் செலவான பகுதிக்குப் பொதுவாக வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போன பகுதிக்கு உண்டு, ரசீதுகளைப் பிரித்து வையுங்கள். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடமும் சொல்லியாக வேண்டும். அவர்கள் தங்கள் உதவியைக் குறைக்கப் பார்க்கலாம். குறைப்பதானால் கடனில் குறையுங்கள், மானியத்தில் கை வைக்காதீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.