வோல்டேஜும் கரண்டும் தெரிஞ்சா ஓம்ஸ், வாட்ஸ் கணக்கு போடுறது எப்படி?

கணக்குன்னு பாத்தா ரெண்டே ரெண்டு தான். வோல்டேஜை கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ், அதே ரெண்டையும் பெருக்கினா பவர். முதல் கணக்கு ஜார்ஜ் ஓம் 1827ல புத்தகமா போட்டது, அதனால தான் ஓம் விதி, யூனிட்டும் ஓம்.

ஒரு ஹீட்டர் காயில் 12 வோல்ட்ல 1.5 ஆம்ப் இழுக்குதுன்னு வைங்க. 12 ÷ 1.5 = 8 ஓம்ஸ். 12 × 1.5 = 18 வாட்ஸ். அவ்ளோ தான், முடிஞ்சுது.

ஆனா பாதி பேருக்கு விடை தப்பா வர்றது ஃபார்முலாவால இல்ல, மில்லியாம்ப்பால. மீட்டர் 40னு காட்டுது, ஆனா அது மில்லியாம்ப், அப்படியே 12 ÷ 40 போட்டு 0.3 ஓம்னு எழுதிடுறாங்க, பெருக்கினா 480 வாட்ஸ் வருது, ஒரு சின்ன சர்க்யூட் போர்டு 480 வாட்ஸ் எடுத்தா அது போர்டா அடுப்பா? ஆயிரத்தால வகுத்து 0.04 ஆம்ப்னு மாத்திக்கிட்டு போடுங்க, 300 ஓம்ஸ், 0.48 வாட்ஸ். மாத்த சோம்பேறித்தனமா இருந்தா ஒரு குறுக்கு வழி இருக்கு: வோல்ட்டை மில்லியாம்ப்பால வகுத்தா விடை நேரா கிலோ ஓம்ல வரும், பெருக்கினா மில்லிவாட்ல வரும்.

இப்ப அளக்குற விஷயம். வோல்டேஜை லோடு, அதாவது கரண்ட் இழுக்குற சாமான், ஓடிக்கிட்டு இருக்கும்போது அதோட ரெண்டு முனையில வச்சு அளங்க. அடாப்டர் மேல 12னு போட்டிருக்கேன்னு அதையே கணக்குல எடுக்காதீங்க, லோடு இழுக்க ஆரம்பிச்சதும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். கரண்டுக்கு சர்க்யூட்டை ஒரு இடத்துல பிரிச்சு மீட்டரை நடுவுல சீரிஸா, அதாவது முழு கரண்டும் அது வழியா போற மாதிரி, போடணும், சிவப்பு ஒயரை ஆம்ப் சாக்கெட்டுக்கு மாத்தணும், முடிஞ்ச உடனே திரும்ப பழைய சாக்கெட்டுக்கு மாத்திடணும். இதை மறந்துட்டு பேட்டரி மேல வச்சீங்கன்னா அது நேரடி ஷார்ட், ஏன்னா ஆம்ப் மோடுல மீட்டரோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம், நல்ல நேரமா இருந்தா மீட்டர் ஃப்யூஸோட போகும். மெயின்ஸ் லைன்ல இந்த பிரிச்சு போடுற வேலையே வேண்டாம், ஒயரை வெட்டாம சுத்தி கவ்வி அளக்குற கிளாம்ப் மீட்டர் போதும்.

"எதுக்கு இவ்ளோ பாடு, மீட்டரை ஓம்ஸ்ல வச்சு நேரா அளந்துடலாமே"ன்னு கேப்பீங்க. சாதாரண ரெசிஸ்டருக்கு தாராளமா அளக்கலாம். குண்டு பல்புல பருப்பு வேகாது. 230 வோல்ட் 60 வாட் பல்பு எரியும்போது கரண்ட் சுமார் 0.26 ஆம்ப், அப்போ ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 880 ஓம்ஸ். அதே பல்பை கழட்டி ஆறின பிறகு மீட்டர்ல வச்சா அதுல பத்துல ஒரு பங்கு கூட காட்டாது. மீட்டரும் பல்பும் ரெண்டுமே சரி தான், டங்ஸ்டன் இழை சூடானா ரெசிஸ்டன்ஸ் எகிறிடும், அதான் விஷயம். ஆறின அளவை வச்சு பவர் கணக்கு போட்டா 60 வாட் பல்பு அறுநூறு வாட்டுக்கு மேல காட்டும். அதனால வோல்டேஜ், கரண்ட் ரெண்டையும் ஒரே நேரத்துல, ஓடுற நிலைமையில எடுங்க, அந்த நிலைமைக்கான ரெசிஸ்டன்ஸ் தான் அதுல கிடைக்கும்.

எல்ஈடி இன்னும் மோசம். கரண்டை பாதியா குறைச்சாலும் அது மேல இருக்குற வோல்டேஜ் லேசா தான் இறங்கும், அதனால அதுக்கு "இத்தனை ஓம்"னு ஒரு நம்பரே கிடையாது. அங்க கணக்கு போட வேண்டியது கூட சீரிஸ்ல இருக்குற ரெசிஸ்டருக்கு தான். சப்ளை 5 வோல்ட், சிவப்பு எல்ஈடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல. 20 மில்லியாம்ப் ஓடணும்னா 3 ÷ 0.02 = 150 ஓம்ஸ். பவர் 3 × 0.02 = 0.06 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

ரெசிஸ்டன்ஸ் ஏற்கனவே தெரிஞ்சு வோல்டேஜ் மட்டும் கையில இருந்தா, வோல்டேஜை அதாலேயே பெருக்கி ரெசிஸ்டன்ஸால வகுத்தா பவர். கரண்ட் தான் தெரியும்னா கரண்டை அதாலேயே பெருக்கி ரெசிஸ்டன்ஸால பெருக்குங்க. இந்த ஸ்கொயர் இருக்கே, அது தான் ஆள கவுக்கும். 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் 5 வோல்ட்ல 0.25 வாட், அதையே 12 வோல்ட்ல மாட்டினா 1.44 வாட், கால் வாட் ரெசிஸ்டரா இருந்தா கருகிடும். 5 வோல்ட்லயே அது லிமிட்ல தான் நிக்குது, நானா இருந்தா அரை வாட் போடுவேன், கணக்குல வர்றதுக்கு ரெண்டு மடங்காவது ரேட்டிங் வச்சா தான் எனக்கு நிம்மதி.

ஏசி சப்ளைல (மாறு மின்னோட்டம்) ஓடுற மோட்டார், ஃபேன் மாதிரி காயில் சுத்தின சாமானுக்கு இந்த பெருக்கல் முழுசா செல்லாது. 230 வோல்ட்ல 0.4 ஆம்ப் எடுத்தா வர்றது 92 வோல்ட்-ஆம்பியர் தான், வாட்ஸ் இல்ல. அதுல எவ்ளோ பங்கு உண்மையான பவரோ அது தான் பவர் ஃபேக்டர், அது 0.8னா உண்மையான பவர் 73.6 வாட்ஸ். வகுத்து வர்ற நம்பரும் இம்பீடன்ஸ் (ஏசி கரண்டுக்கு அந்த சாமான் காட்டுற மொத்த எதிர்ப்பு), காயில் ஒயரோட ரெசிஸ்டன்ஸ் இல்ல. அந்த ரெசிஸ்டன்ஸ் வேணும்னா ப்ளக்கை பிடுங்கிட்டு, கெபாசிட்டர் இருந்தா அதை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, வைண்டிங் (காயில் ஒயர்) முனைகளை தனியா எடுத்து மீட்டரை ஓம்ஸ்ல வச்சு பாருங்க.