நெட்வொர்க் மாறப் போகிறீர்களா? ரீசார்ஜ் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது போர்ட் கேளுங்கள்

பிரீபெய்டு எண்ணை அதே எண்ணோடு மலிவான கம்பெனிக்கு மாற்றுவதாக (அதுதான் போர்ட்) இருந்தால், ரீசார்ஜ் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் PORT என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்தால் போதும். பழைய பிளானில் மீதமிருக்கும் நாளும் டேட்டாவும் கூடவே வராது. முன்னாலேயே மாறினால் கட்டிய காசு வீண். ரொம்பத் தள்ளிப்போட்டால் பிளான் முடிந்து எஸ்எம்எஸ்ஸே போகாமல் நிற்கலாம். பதில் எஸ்எம்எஸ்ஸில் வரும் போர்ட் கோடு நம் பக்கம் 4 நாள்தான் செல்லுபடியாகும், கையோடு புது கம்பெனி கடைக்குப் போய்விடுங்கள். தமிழ்நாட்டுக்குள் மாற 3 வேலை நாள் ஆகும்.

அதற்கு முன், புது கம்பெனி சிம் வைத்திருக்கும் சொந்தக்காரரை வீட்டுக்கு அழைத்து, நீங்கள் படுக்கும் அறையிலேயே ஒரு கால் பேசிப் பாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியில் நன்றாக எடுக்கும் சிம், ஜவ்வாது மலை ஊர்களில் எடுக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகாதவர்களுக்கும், போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருப்பவர்களுக்கும் கோடு கிடைக்காது.