சீட்டே வரலைங்க: போக்கர் டோர்னமென்டில் வறட்சி நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் எங்கள் ஆட்டம் ஞாயிறு மதியம். நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தகர ஷெட், ஒன்பது நாற்காலி, ஒரு பெட்டி பிளாஸ்டிக் சிப்ஸ். காசு கிடையாது. முதலில் அவுட் ஆகிறவர் கீழே போய் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கி வரவேண்டும், அதுதான் பந்தயம். (பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. அந்தப் பக்கம் போகிற யோசனையோடு இதைப் படிக்க வேண்டாம்.) கொஞ்ச நாளாக என் தலை தெருமுனையில் தெரிந்தாலே டீக்கடைக்காரர் ஒன்பது பார்சல் கட்ட ஆரம்பித்துவிடுகிறார். 'சீட்டே வரலைங்க' என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். 'போண்டா எத்தனைங்க?' என்றார்.

சீட்டு வராதது உண்மைதான். ஆனால் என்னை வெளியே தள்ளியது அதுவல்ல என்று புரிய எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நாங்கள் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கைக்கு வரும் இரண்டு சீட்டில் 1,326 சேர்க்கை உண்டு. யோசிக்காமல் நல்ல கை என்று சொல்லக்கூடியவை பத்து ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, அப்புறம் ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி. எல்லாம் சேர்த்து 62. அதாவது ஏறத்தாழ 21 கைக்கு ஒன்று. கையால் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு 25, 30 கைதான் ஓடும். 30 கை போட்டும் அந்த 62-ல் ஒன்றுகூட வராமல் போக 24 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது பேர் உட்கார்ந்தால், எந்த ஒரு மணி நேரத்தை எடுத்தாலும் சராசரியாக இரண்டு பேர் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். 50 கைக்கு வராமல் போவதற்கே 9 சதவீதம். ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை. அதற்காகக் காத்திருப்பவர் எங்கள் வேகத்தில் ஏழெட்டு மணி நேரம் உட்கார வேண்டும், திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வருவது நல்லது.

ஆக, ஒரு மணி நேர வறட்சி என்பது சாதாரணம். 'இத்தனை நேரம் வரலை, இனி வந்துதானே ஆகணும்' என்பது முதல் தவறு. ஒவ்வொரு கைக்கும் கட்டைக் கலைக்கிறோம். போன கையில் நமக்கு என்ன வந்தது என்பது கட்டுக்குத் தெரியாது.

ரம்மிக் கையோடு வருவது

எங்கள் பக்கத்தில் போக்கருக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் ரம்மியில் கை பழகியவர்கள். ரம்மியில் சீட்டு சரியில்லையென்றால் டிராப். முதலிலேயே போட்டால் 20 புள்ளி, ஆடிவிட்டுப் போட்டால் 40, முழுசாக மாட்டினால் 80. அதனால் மோசமான சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று உடம்பில் ஊறியிருக்கிறது. போக்கரில் ஃபோல்டுக்கு (சீட்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து விலகுவதற்கு) அபராதம் இல்லை, அதனால் இன்னும் தாராளமாகப் போடுகிறோம். ஆனால் அபராதம் வேறு வழியில் வருகிறது. பிளைண்ட்: ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர், முறை வைத்து, சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கட்டும் சிப். ஒருவர் சின்னது, அடுத்தவர் பெரியது (பிக் பிளைண்ட்).

பிளைண்ட் 200-400, அதோடு பிக் பிளைண்டுக்காரர் கூடுதலாகக் கட்டும் ஆன்டே 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று (எல்லோருக்கும் ஒரு தடவை முறை வந்து போகும் வரை) உட்கார்ந்திருக்க வாடகை 1,000. கையில் 12,000 இருந்தால் பன்னிரண்டு சுற்று தாங்கும் என்று தோன்றும். தாங்காது. எங்கள் மேசையில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை செல்போன் அலாரம் அடித்து பிளைண்ட் ஏறும். 15 நிமிடத்தில் ஆறேழு கைதான் போட முடியும். ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்று முடிவதற்குள் வாடகை ஏறிவிடுகிறது!

யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் சறுக்குவது இங்கேதான். லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரின் (WSOP) மெயின் ஈவென்டில் ஆளுக்கு 60,000 சிப், ஆரம்ப பிளைண்ட் 100-200, பிளைண்ட் ஏறாமல் ஓடும் ஒரு லெவல் இரண்டு மணி நேரம். 300 பிக் பிளைண்டோடு உட்கார்ந்தவர் நாள் முழுக்கப் பொறுமை காக்கலாம். நாம் 10,000 சிப்போடு 50-100-ல் ஆரம்பித்து, கால் மணிக்கு ஒரு தடவை ஏற்றுகிறோம். அவர்கள் பொறுமையை இங்கே கொண்டுவந்தால் டீக்கடைக்குத்தான் போகவேண்டியிருக்கும்.

கூடவே ஜாக் ஸ்ட்ராஸ் கதையையும் யாராவது இழுப்பார்கள். 1982-ல் அதே மெயின் ஈவென்டில் எல்லாம் போய் எழுந்தவர், ஒரே ஒரு 500 சிப் மிச்சம் இருந்ததைக் கண்டு திரும்ப உட்கார்ந்து பட்டமே வென்றார் என்பார்கள். சரிதான். ஆனால் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பிளைண்டில் கரைந்து ஒரு சிப்புக்கு வந்தவர் அல்ல. துணிந்து மொத்த சிப்பையும் நடுவில் தள்ளித் தோற்றவர்.

'ஏஸாச்சே' என்று தள்ளுவது

போன மாதம் நடந்தது. ஒரு மணி நேரமாக 9-3, ஜாக்கி-4, 8-2. காது சூடாகிவிட்டது. பிளைண்ட் 300-600, என்னிடம் 7,000 சொச்சம். மூன்றாவது ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் ஏஸ்-6 வந்தது. அத்தனை நேரம் குப்பையைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஏஸ் ஒரு தேர் மாதிரி தெரிந்தது. ஆல்-இன், மொத்த சிப்பும் நடுவுக்கு. எனக்குப் பின்னால் ஆறு பேர் பேச வேண்டும் என்பது அப்போது மனதிலேயே இல்லை. அந்த ஆறு பேரில் இரண்டாவது ஆள் கூட வந்து ஏஸ்-ராணியைத் திருப்பினார்.

அந்த மாதிரி மாட்டிக்கொண்டால் ஏஸ்-6 ஜெயிப்பது 30 சதவீதத்துக்கும் கீழே. ஏஸ் இரண்டு பேருக்கும் பொது, ஆறு மட்டும்தான் நமக்கு மிச்சம். அதுவே ஒரே சாதி (இரண்டும் ஒரே சின்னம்) 9-7-ஐத் தள்ளி, எதிராளி ஏஸ்-ராஜாவோடு வந்தால் ஏறக்குறைய 40 சதவீதம் நம் பக்கம். ஒன்பதும் ஏழும் உயிரோடு இருக்கின்றன. இதனால் 9-7 உயர்ந்த சீட்டு என்று அர்த்தமல்ல. ஏஸ்-6 கெட்ட கை என்றும் அர்த்தமல்ல. அதே கை, அதே 7,000, ஆனால் எனக்கு முன்னால் எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு, நான் டீலர் பட்டனில் (பிளைண்ட் கட்டும் இருவருக்கு முந்தின இடம்) இருந்திருந்தால் தள்ளியது சரி. பின்னால் இரண்டே பேர். வறட்சியில் நாம் இடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு சீட்டை மட்டும் பார்க்கிறோம். செய்ய வேண்டியது தலைகீழ்.

மாமா எப்படித் தாங்குகிறார்

எங்கள் மேசையில் ஒரு பெரியவர் இருக்கிறார், நூல் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர், எல்லோருக்கும் மாமா. சிப்பை ஐந்து ஐந்தாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சீட்டைப் போட்டுக்கொண்டே இருப்பார். அப்புறம் ஒரு தடவை, பட்டனுக்கு முந்தின இடத்தில், மொத்த அடுக்கையும் இரண்டு கையாலும் நடுவுக்கு நகர்த்துவார். 'மாமா ஒரு மணி நேரமா ஆடலை, இப்ப வர்றார்னா ராஜா ஜோடி இருக்கும்' என்று எல்லோரும் போட்டுவிடுவோம். அவர் சீட்டைக் கவிழ்த்தபடியே கட்டுக்குள் சொருகுவார்.

ஒரு நாள் கேட்டேன். 'என்ன சீட்டுங்க மாமா அது?'

'அது எதுக்கு கண்ணு உனக்கு, பிளைண்டை வெய்யி.'

அவர் செய்வதன் கணக்கு எளிது. 200-400 மேசையில் 5,000 வைத்திருப்பவர் தள்ளி எல்லோரும் போட்டால் நடுவில் கிடக்கும் 1,000 வரும். ஒரு சுற்று வாடகை அடைந்தது. பிளைண்ட் ஏறும் வரைக்கும் சுற்றுக்கு ஒரு தடவை இப்படி எடுத்தால், நல்ல சீட்டே பார்க்காமல் அதே இடத்தில் நிற்கலாம். ஒரு மணி நேரம் சீட்டுப் போட்டதால் மேசையில் நமக்கு ஒரு பேர் கிடைக்கிறது. அந்தப் பேர்தான் வறட்சி கொடுக்கும் ஒரே வருமானம். அதை ஏஸ் ஜோடி வரும்போது செலவழிக்கலாம் என்று வைத்திருந்தால், அன்றைக்கும் எல்லோரும் போட்டுவிடுவார்கள்.

ஆனால் யாரிடம் தள்ளுவது என்று பார்க்க வேண்டும். பிக் பிளைண்டில் இருப்பவர் சிப் மலையாகக் குவித்திருந்தாலோ, 'பாத்துரலாம்' என்று எதற்கும் வருகிறவராக இருந்தாலோ அந்தச் சுற்றை விட்டுவிடலாம். இன்னொன்று, கையில் மிச்சம் மூன்று பிக் பிளைண்ட் அளவு ஆகும் வரை காத்திருந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். இன்னும் இரண்டு பிளைண்ட் போட்டால் பார்த்துவிடலாமே என்று பிக் பிளைண்டுக்காரர் எதை வைத்தும் வருவார். பத்து பிளைண்ட் இருக்கும்போதே பல் இருக்கிறது. அப்போது கடிக்க வேண்டும்.

அந்தப் பத்துக்குக் கீழே போனபின் பாதிப் பாதியாக ஆடுவது இன்னொரு தவறு. எட்டு பிளைண்ட் வைத்துக்கொண்டு மூன்றை ரெய்ஸ் போட்டு, யாராவது திருப்பி அடித்ததும் ஃபோல்ட் செய்வது. மீதம் ஐந்து. பார்ப்பதற்கு ஜாக்கிரதை மாதிரி இருக்கும், நடப்பது தவணையில் சாவது. அந்த நிலையில் ஒன்று மொத்தமும், இல்லையென்றால் ஒன்றும் இல்லை. பிளைண்டை மட்டும் கட்டி ஃப்ளாப் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) பார்க்கலாம் என்பதும் இதே ரகம். ஜோடியில்லாத கை மூன்று தடவைக்கு இரண்டு தடவை ஃப்ளாப்பில் எதையும் பிடிக்காது.

புலம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. 'பாருங்க, எனக்கு வர்ற சீட்டை' என்று 8-2-ஐத் திருப்பிக் காட்டுவது என் பழக்கமாக இருந்தது. காட்டினால் மேசைக்கு இரண்டு விஷயம் தெரிகிறது: நான் எரிச்சலில் இருக்கிறேன், அடுத்து எதை வைத்தும் தள்ளுவேன். மாமா சம்பாதித்த பேரை நான் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீட்டைப் போட்டதும் செல்போனுக்குள் போய்விடுவதும் உண்டு. நாம் ஆடாத கைகளில்தான் யார் எதை வைத்து வருகிறார் என்று தெரியும்.

இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். அவுட் ஆனதும் மூன்று விஷயம் எழுதுவேன்: கடைசிக் கை என்ன, எந்த இடத்தில் இருந்தேன், அந்தக் கைக்கு முன் எத்தனை பிளைண்ட் மிச்சம். 'சீட்டே வரலை' என்று எழுதிய நாள்களைப் புரட்டினால், பாதிக்கு மேல் அந்த மூன்றாவது எண் நாலு, அல்லது மூன்று. போன ஞாயிறு பதினொரு பிளைண்ட் மிச்சத்தில் தள்ளினேன், பட்டனில், ராணி-9. மாமாதான் பிக் பிளைண்ட். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, சீட்டைப் போட்டார். 'என்ன சீட்டு கண்ணு?' என்றார்.