நாலு மணிக்கு யார் வருவார்கள்? இலங்கை மலையகத்தில் கலைப்பணிக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலை உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துவிட்டு, "எங்கள் தோட்டங்களுக்குக் கலையைக் கொண்டுபோக வேண்டும், அதையே தொழிலாக்க வேண்டும்" என்று வரும் தம்பி தங்கைகள் இப்போது அதிகம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் 'கொண்டுபோக' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. கலை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

மாசி பிறந்தால் பல தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து. பொட்டலில் கம்பம் ஊன்றி, தப்பு என்னும் பறை முழங்க, ரதியும் மதனும் ஆடுவார்கள். சிவன் மதனை எரிக்கும் இரவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தோட்டமே விழித்திருக்கும். டிக்கெட் கிடையாது, முன்வரிசை கிடையாது. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளும் அப்படித்தான். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களும் இந்த மக்களின் வாயில் இருந்தவைதான். அதனால் போன அன்றைக்கே வகுப்பு தொடங்காதீர்கள். கூத்துப் பழக்கும் மாஸ்டர் யார், தப்பு அடிப்பவர் யார் என்று விசாரியுங்கள். அவர்களுக்கும் பயிற்றுநர் என்ற பெயரும் அதற்குரிய காசும் கிடைக்கட்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது.

அதற்காகக் கூத்து எல்லாருக்கும் பொது என்று முழுசாக நம்பிவிடவும் கூடாது. ரதி வேஷம் வழக்கமாக ஆணுக்குத்தான். தப்பை ரசிப்பவர்கள் எல்லாரும் அதைத் தோளில் மாட்டச் சம்மதிப்பதில்லை. அங்கே சாதி குறுக்கே வரும். இதைப் பேசாமல் விட்டால் நம் வேலையில் பாதி நடக்காது.

அடுத்தது நேரமும் இடமும். இது நானே செய்த தவறு. ஹட்டன் டவுனில் ஒரு மண்டபம் எடுத்து, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நாடகப் பயிற்சி என்று நோட்டீஸ் அடித்தோம். நாற்பது நாற்காலி போட்டோம். வந்தவர்கள் ஏழு பேர், ஏழு பேரும் டவுன் பிள்ளைகள். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, லயம் என்னும் வரிசை வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு அப்புறம் விறகு, தண்ணீர், அடுப்பு. பொழுது சாய்ந்தால் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு பஸ் இல்லை. த்ரீவீலுக்குக் கொடுத்தால் அன்றைய பேர்க்காசில், அதாவது நாட்கூலியில், பாதி போய்விடும். 'இலவசம்' என்று நாங்கள் பெரிதாகப் போட்டது எங்கள் கணக்கில் மட்டும்தான். இப்போது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலேயே இரவு ஏழு மணிக்கு வைக்கிறோம். லயத்துப் படிகளில் இறங்க முடியாதவர்கள் இருந்தால் அவர்கள் வாசலில்தான் ஒத்திகை.

சரி, வயிற்றுப்பாடு? சேவை என்று சொல்லிக்கொண்டு சம்பளம் பேச வெட்கப்படாதீர்கள். பட்டம் படிக்க மட்டக்களப்பின் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடசாலை நியமனம், பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் வேலை என்று வழிகளும் உண்டு. ஆறு மாத செயற்திட்டக் காசை மட்டும் நம்பி இறங்காதீர்கள். காசு தீர்ந்ததும் ஆளைக் காணவில்லை என்றால், அடுத்து வருபவரைப் பிள்ளைகள் வாசலில் நிறுத்தியே பேசுவார்கள்.

கேட்காமல் போனை நீட்டிப் பதிவு செய்வதும் தவறு. மஸ்கெலியாப் பக்கம் ஒரு பாட்டியிடம், பாடிய தாலாட்டைப் போட்டுக் காட்டி, "யூடியூபில் போடலாமா?" என்று கேட்டேன். "அது கெடக்கட்டும். கொழும்புல கடையில நிக்கிற என் பேத்திக்கு மொதல்ல அனுப்பு" என்றார்.