ஸ்ட்ரெங்த் ரோக் சப்கிளாஸ்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, காதருகே மெல்லப் பேசும் அடியாள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஸ்ட்ரெங்த்தை (உடல் வலிமை) நம்பும் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திர வகை) என்றதும் மனதில் வரும் உருவம் இதுதான். அதற்கு சப்கிளாஸ் (அந்த வகைக்குள் ஒரு தனிப் பிரிவு) எழுத உட்காருகிறவர்கள் முதலில் ஆயுதத்தில்தான் கை வைக்கிறார்கள். உண்மையான சிக்கலோ ஒரு சுற்றில் ரோக்குக்கு எத்தனை ஆக்‌ஷன், எத்தனை கை மிச்சம் என்பதில் இருக்கிறது. கீழே உள்ள கணக்குகள் 2014 விதிகளின்படி. 2024 விதிகள் மாறும் ஓர் இடத்தை மட்டும் சுட்டியிருக்கிறோம்.

ஏற்கெனவே இருப்பதைப் பரிசாகக் கொடுப்பது

"ஸ்ட்ரெங்த்தால் தாக்கினாலும் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் டேமேஜ்) உண்டு" என்பதை மூன்றாம் லெவல் சிறப்பாக எழுதுவது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல. ஸ்னீக் அட்டாக் கேட்பது ஃபினஸ் ஆயுதம் அல்லது தொலைவு ஆயுதம். டெக்ஸ்டெரிட்டியை (சுறுசுறுப்பு) அது கேட்பதே இல்லை. ஃபினஸ் என்றால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி இரண்டில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஸ்ட்ரெங்த் 16 உள்ள ரோக் ரேபியரை எடுத்தால் முதல் லெவலிலேயே வேலை முடிந்தது. பார்பேரியனில் இரண்டு லெவல் எடுத்து ரெக்லெஸ் அட்டாக்கோடு (ஸ்ட்ரெங்த் அடிக்கு மட்டும் உதவும் சிறப்பு) சேர்த்து விளையாடுகிறவர்கள் நம்பியிருப்பதும் இந்த விதியைத்தான்.

அப்படியானால் விடுபட்டவை எவை? மேஸ், வார்ஹாமர், போர்க்கோடரி, வெறுங்கை. அவற்றைத் திறந்துவிட இரண்டு வரி வேண்டும்; பல வரைவுகளில் ஒன்றுதான் இருக்கும். ஸ்னீக் அட்டாக் அனுமதி ஒரு வரி, புரொஃபிஷியன்சி (ஆயுதப் பயிற்சி) இன்னொரு வரி. எளிய ஆயுதங்களில் ரோக்குக்குப் பயிற்சி உண்டு என்பதால் மேஸுக்குக் கவலையில்லை. வார்ஹாமருக்குப் பயிற்சி கிடையாது. அதை எழுத மறந்தால் மூன்றாம் லெவலில் ஒவ்வொரு அடியிலும் +2 போய்விடும். வெறுங்கை அடி ஆயுதக் கணக்கிலேயே வராது. அதனால் "வெறுங்கைத் தாக்குதலுக்கும் பொருந்தும்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

பெரிய வாளுக்குப் பயப்படுவது, ஈட்டிக்குப் பயப்படாதது

கிரேட்ஸ்வோர்டுக்கு ஸ்னீக் அட்டாக் கொடுத்தால் ஆட்டமே கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். ரேபியரின் சராசரி 4.5, கிரேட்ஸ்வோர்டின் சராசரி 7. வித்தியாசம் இரண்டரைதான். அடிக்கும் உருட்டலில் ஐந்து இழந்து பத்து டேமேஜ் கூடுதலாக வாங்கும் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டைச் (விருப்பத் தேர்வுத் திறன்) சேர்த்துப் பார்ப்போம். ஐந்தாம் லெவல், ஸ்ட்ரெங்த் 18, எதிரியின் ஏசி (அடி பட உருட்டல் எட்ட வேண்டிய எண்) 15. சாதாரண அடி 21.5 டேமேஜ், படும் வாய்ப்பு 65 சதவீதம்: சராசரி சுமார் 14. ஃபீட்டோடு 31.5 டேமேஜ், வாய்ப்பு 40 சதவீதம்: 12.6. குறைகிறது! அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) இருந்தாலும் 18.9 என்பது 20.2 ஆகிறது, அவ்வளவுதான். ஒரே அடியை நம்பி இருப்பவர் அதைத் தவறவிட்டால் ஸ்னீக் அட்டாக்கும் சேர்ந்தே போகிறது.

ஆபத்து ரீச் (நீண்ட எட்டம்) ஆயுதத்தில் இருக்கிறது. ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு ஒரு முறை. ஒரு சுற்றுக்கு ஒரு முறை அல்ல. எனவே அடுத்தவர் டர்னில் ரியாக்‌ஷனாக அடிக்கும்போது அது மறுபடியும் விழும். போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட் உள்ளவர் கிளேவோடு (ரீச் உள்ள நீள்கோல் ஆயுதம்) நின்றால், பத்தடிக்குள் நுழைகிற எதிரிமேல் அதே வாய்ப்பு கிடைக்கிறது. ஐந்தாம் லெவலில் அது சராசரி 20 டேமேஜ் உள்ள இரண்டாவது அடி. அன்கேனி டாட்ஜுக்கு (வாங்கும் அடியின் டேமேஜைப் பாதியாக்கும் சிறப்பு) வைத்திருந்த ரியாக்‌ஷன் அதற்குப் போகிறது என்பது உண்மைதான், ஆனாலும் அந்த விலை போதாது. ஆகவே "ஹெவி, ரீச் இரண்டும் இல்லாத கைகலப்பு ஆயுதம்" என்று எழுதுங்கள். ரீச்சை ஏன் விலக்குகிறோம் என்பது புரிந்திருக்கும். ஹெவியை (கிரேட்ஸ்வோர்டு போன்றவை) விலக்கக் காரணம் கீழே.

கிராப்பிளுக்கு ஆக்‌ஷன் எங்கே?

பெரும்பாலான வரைவுகள் உடைவது இங்கேதான். கிராப்பிளும் (எதிரியைப் பிடித்துக்கொள்வது) ஷவ்வும் (தள்ளுவது அல்லது கீழே வீழ்த்துவது) அட்டாக் ஆக்‌ஷனில் ஓர் அடிக்குப் பதிலாக வருபவை. எக்ஸ்ட்ரா அட்டாக் உள்ள ஃபைட்டர் ஒரு அடியில் பிடித்து, இன்னொன்றில் தள்ளிவிடுவார். ரோக்குக்கு ஒரே ஒரு அடி. பிடித்தால் அடியில்லை, அடியில்லை என்றால் ஸ்னீக் அட்டாக்கும் இல்லை. "கிராப்பிளில் அட்வான்டேஜ்" என்று சிறப்பு எழுதிக் கொடுத்தாலும் ஆட்டக்காரர் அதைத் தொடமாட்டார். மூன்றாம் லெவலில் 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை) டேமேஜை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

கூடவே இன்னொரு குழப்பம்: பிடிபட்ட எதிரிமேல் தானாக அட்வான்டேஜ் கிடைக்கும் என்று நினைப்பது. கிராப்பிள் செய்வது எதிரியின் வேகத்தை 0 ஆக்குவது மட்டுமே. அட்வான்டேஜ் தருவது எதிரி கீழே கிடக்கும் நிலை, அதுவும் ஐந்தடிக்குள் நிற்பவருக்குத்தான். எழுந்திருக்கப் பாதி வேகம் வேண்டும், பிடிபட்டவரிடம் வேகமே இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டு விழும். அந்தப் பூட்டு உங்கள் அணியின் வில்லாளியையும் பாதிக்கும். தள்ளி நிற்கும் அவருக்கு, கீழே கிடப்பவர்மேல் எய்வது டிஸ்அட்வான்டேஜ்.

தீர்வு போனஸ் ஆக்‌ஷன். ஆனால் வாசகத்தில் கவனம் வேண்டும். "அட்டாக் ஆக்‌ஷன் எடுத்தால், போனஸ் ஆக்‌ஷனாக ஷவ் செய்யலாம்" என்று எழுதினால், ஷவ் அடிக்கு முன்னா பின்னா என்ற சண்டை மேஜையில் வரும். ஷீல்டு மாஸ்டர் ஃபீட்டில் இதே வாசகத்தால் கிளம்பிய வாக்குவாதம் ஊரறிந்தது. வரிசையைச் சொல்லிவிடுங்கள்: "உங்கள் டர்னில், தாக்குவதற்கு முன்போ பின்போ, போனஸ் ஆக்‌ஷனாகக் கிராப்பிள் அல்லது ஷவ் முயலலாம்." இது அதிகப்படி ஆகாது. விருப்ப விதியான ஸ்டெடி எய்ம் அதே போனஸ் ஆக்‌ஷனுக்கு உறுதியான அட்வான்டேஜ் தருகிறது. ஷவ் தோற்கவும் செய்யலாம். போனஸில் டேஷ் (கூடுதல் நகர்வு) போன்றவை தரும் கன்னிங் ஆக்‌ஷனோடு போட்டியிடுவதும் நல்லதே. பிடித்தவரை இழுத்துப் போகும்போது 30 அடி வேகம் 15 ஆகும், டேஷ் எடுத்தால் இன்னொரு 15. இந்த டர்னில் பிடிப்பதா, ஏற்கெனவே பிடித்தவரை இழுப்பதா என்று ஆட்டக்காரர் யோசிக்க வேண்டும்.

இப்போது ஹெவி விஷயம். பிடிக்க ஒரு கை காலியாக இருக்க வேண்டும், கிரேட்ஸ்வோர்டால் அடிக்க இரண்டு கையும் வேண்டும். இரண்டையும் ஒரே சப்கிளாஸில் கொடுத்தால் ஒரு சிறப்பு இன்னொன்றின் கையைக் கட்டிவிடும்.

அத்லெட்டிக்ஸ்மேல் கொட்டுவது

பதினோராம் லெவலில் ஸ்ட்ரெங்த் 20, எக்ஸ்பர்ட்டீஸ் (இரட்டிப்புப் புரொஃபிஷியன்சி) சேர்த்து, கிராப்பிளுக்கு உருட்டும் அத்லெட்டிக்ஸ் +13. ரிலையபிள் டேலன்ட் வந்துவிட்டதால் உருட்டல் 10க்குக் கீழே போகாது. குறைந்தபட்சமே 23. அதற்கு மேல் இன்னொரு டி6 கொடுப்பது வீண். 2024 விதிகளில் கதையே வேறு: எதிரிதான் சேவிங் த்ரோ (தப்பிக்கும் உருட்டல்) போடுகிறார், இலக்கு 8 + ஸ்ட்ரெங்த் + புரொஃபிஷியன்சி. பிடிக்கிறவரின் எக்ஸ்பர்ட்டீஸுக்கு அங்கே வேலையில்லை. எந்த விதிக்கு எழுதுகிறோம் என்று முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.

கவசமும் டெக்ஸ்டெரிட்டியும்

ஹெவி ஆர்மரோ கேடயமோ தர வேண்டாம், மீடியம் ஆர்மர் போதும். டெக்ஸ்டெரிட்டி 14ஓடு பிரெஸ்ட்பிளேட் போட்டால் ஏசி 16, பதுங்கலும் கெடாது. 27 புள்ளிக் கணக்கில் ஸ்ட்ரெங்த் 15, டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிடியூஷன் 14, விஸ்டம் 12, மற்ற இரண்டும் 8 என்று சரியாக அடங்குகிறது. இனிஷியேட்டிவ், பதுங்கல், பூட்டுத் திறப்பு எல்லாவற்றையும் ஸ்ட்ரெங்த்துக்கு மாற்றும் ஆசையை அடக்குங்கள். மாற்றினால் பெயர் மட்டும் மாறிய அதே டெக்ஸ்டெரிட்டி ரோக்தான் மிஞ்சும்.

ஒன்பதுவரை காக்க வைப்பது

ரோக் சப்கிளாஸ் சிறப்புகள் வருவது 3, 9, 13, 17 ஆகிய லெவல்களில். மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஐந்து லெவல் வெறுமை. ஆயுத அனுமதி, போனஸ் ஆக்‌ஷன் பிடி, மீடியம் ஆர்மர் மூன்றும் மூன்றிலேயே வந்துவிட வேண்டும். ஒன்பதில் சண்டைக்கு வெளியே உதவும் எதையாவது வையுங்கள்: கதவுடைப்பு, மிரட்டல், சுவரேற்றம். பதின்மூன்றில் உருவ அளவு. தன்னைவிட ஓர் அளவுவரை பெரிய எதிரியைத்தான் பிடிக்க முடியும் என்பதால், மீடியம் பாத்திரத்துக்கு லார்ஜ்தான் எல்லை. ராட்சதர்களும் வளர்ந்த டிராகன்களும் ஹியூஜ். அந்த லெவலில் எல்லையை ஓர் அளவு உயர்த்தாவிட்டால், பத்து லெவலாக உழைத்த பிடி பெரிய சண்டைகளில் பயனற்றுப் போகும். பிடிக்கவே முடியாத பேய்கள் வரும் நாளுக்கு, பதினேழாம் லெவல் சிறப்பு கிராப்பிளைச் சாராததாக இருக்கட்டும்.