சென்னையில் விடிய விடிய ஓடுவதற்கு

42.195 கிலோமீட்டரைத் தாண்டும் எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான் என்றாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாலையில் கிளம்பி விடியும்வரை ஓடுபவருக்குத் தூரத்தைவிடப் புழுக்கமே பெரிய தொல்லை. வெயில் இல்லையே என்று எண்ணி வேகமெடுக்கக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த கடற்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடுவதால், உடற்சூடு தணியாமலே நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் என முற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடும்போது சக்திக்காக உறிஞ்சும் இனிப்பு ஜெல், நள்ளிரவுக்குப் பின் பலருக்குத் தொண்டையில் இறங்காது. அப்போது உப்பிட்ட மோரும் இரண்டு கவளம் தயிர்சாதமும் தரும் தெம்பு தனி. எதையும் பயிற்சி ஓட்டத்திலேயே உண்டு பழகியிருக்க வேண்டும்.

உடல் வெப்பம் இறங்கித் தூக்கம் அழுத்துவது பெரும்பாலும் அதிகாலை 3 முதல் 5 மணிக்குள் என்பதால், காபியை அதற்கு முன்பே தீர்த்துவிடாதீர்கள். கண் சொருகினால், துணைக்கு வந்தவரை எழுப்பச் சொல்லிவிட்டு 15 நிமிடம் தூங்குவது நல்லது.

தொடையிலும் அக்குளிலும் வாசலைன் தடவுங்கள். நனைந்த காலுறையை உடனே மாற்றுங்கள். நெற்றிவிளக்கும் ஒளிரும் மேலங்கியும் அணிந்து, எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி சாலையின் வலப்புறம் ஓடுங்கள். தெருநாய்கள் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி, நிதானமாக நடந்து கடக்க வேண்டும். முடித்தபின், வீட்டுக்கு நீங்களே வண்டி ஓட்டாதீர்கள்.