நீட்டிக் கட்டிய வண்டியில் செயின் கழன்றது, நான் சரிசெய்த விதம்

ரங்கூனுக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அதனால் என் வண்டியை மௌல்மீனில் மாமா பட்டறையில்தான் கட்டினேன். பழைய 125 சிசி. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை 8 அங்குலம் நீட்டினேன்; 428 அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து 32 கண்ணி கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. பார்க்க அழகுதான், ஆனால் மூன்றாவது கியரில் முறுக்கினால் செயின் கழன்றுவிடும். இறுக்கினேன், மறுபடியும் கழன்றது, இன்னும் இறுக்கியதில் பேரிங் கரகரத்ததுதான் மிச்சம்.

மாமா பின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, விரலால் தடவிக் காட்டினார். பற்களின் இடதுபக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. முன் பல்சக்கரத்திலிருந்து பின்னதுக்கு நூல் பிடித்துப் பார்த்தால் 4 மில்லிமீட்டர் விலகல். வெல்டிங் சூட்டில் ஆர்ம் ஒரு பக்கமாக இழுத்து வளைந்திருக்கிறது. "நூல் பிடிக்காம எவன்டா பத்த வைப்பான்?" என்று திட்டு வேறு.

சரி என்று பற்றவைத்த இடத்தை அறுத்தோம். கனமான இரும்புச் சட்டத்தில் கவ்வி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்தோம். அப்புறம் தளர்வாக ஓடும் கீழ்ச் செயினுக்கு பேரிங் செருகிய நைலான் உருளை ஒன்று. செயின் தளர்வை வண்டியில் ஆளை உட்கார வைத்து அளந்தேன். தத்தோன் ஊர் வரை போய்வந்தாயிற்று, செயின் அசையவில்லை. ஸ்டாண்டுதான் இன்னும் தரையில் உரசுகிறது.